உள்ளூரில் இடம் கையில் இருக்கிறது, வெளிநாட்டு முடிவு தெரிய ஏப்ரல் ஆகும்: என்ன செய்யலாம்?

மதகு (நவம்பர் 24)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவில் கடைசி ஆண்டு படிக்கிறேன். நீர்வளப் பொறியியலில் முதுகலை செய்ய ஆசை. படிக்கும் இடத்திலேயே மதிப்பெண்ணை வைத்து மேற்படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் 20க்குள் முன்பணம் கட்டி உறுதி செய்ய வேண்டும். இன்னொரு பக்கம் அமெரிக்காவில் இரண்டு (கடைசி நாள் டிசம்பர் 15), ஜெர்மனியில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அங்கெல்லாம் முடிவு தெரிய மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். வீட்டில் "இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே" என்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். இங்கே இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே விண்ணப்பிப்பது தப்பா? அப்புறம், என் எஸ்ஓபியின் (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை) முதல் பத்தி இது. இரக்கம் காட்டாமல் சொல்லுங்கள்:

"நீர் எல்லா உயிர்களுக்கும் ஆதாரம். சிறு வயதிலிருந்தே நீரின் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. இந்த ஆர்வமே என்னைப் பொறியியல் நோக்கி இழுத்தது. உலகப் புகழ் பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துச் சமுதாயத்துக்குச் சேவை செய்வதே என் லட்சியம்."

ஆரஞ்சு பூனை (நவம்பர் 24)

தம்பி, பணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்து வை. வெளியேயும் போடு. நான் அப்படித்தான் செய்தேன். கட்டும் முன் ஒரு வேலை மட்டும் இருக்கிறது: விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். அலுவலகத்தில் வாயால் சொல்வது வேறு, விதிப்புத்தகத்தில் இருப்பது வேறு.

எஸ்ஓபி பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் ஜெர்மனியில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கத்துக் கேள்விகளுக்கு நான் இருக்கிறேன்.

கோப்புக்காரர் (நவம்பர் 25)

பல ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பக் கோப்புகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரக்கம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் வேலை எளிது.

உங்கள் பத்தியில் "நீர்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் "பாலம்" என்று போட்டுப் பாருங்கள். "மருத்துவம்" என்றும் போட்டுப் பாருங்கள். முதல் வரியைத் தவிர எல்லாம் அப்படியே பொருந்தும். அப்படியென்றால் அதில் நீங்கள் இல்லை. "சிறு வயதிலிருந்தே" என்று தொடங்கும் கோப்பு ஒரே நாளில் இருபது வரும். எங்கள் குழுவில் ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் நேராக இரண்டாம் பத்திக்குப் போய்விடுவார்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தில் இளங்கலை விண்ணப்பங்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் யூகாஸ் அமைப்பு 2007இல் விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டதாக 200க்கும் மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பைஜாமா! இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்தது. அதற்கப்புறம் அங்கே ஒற்றுமை கண்டுபிடிக்கும் மென்பொருள் வழியாகத்தான் ஒவ்வொரு கட்டுரையும் போகிறது.

சரி, திருத்துவது எப்படி? எனக்கு இரண்டு பதில் தாருங்கள். கடைசி ஆண்டு புராஜெக்ட் என்ன? அதில் எது சரியாக வரவில்லை?

தாமரைநிழல் (நவம்பர் 25)

எல்லோரும் எஸ்ஓபிக்கு மெருகு போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஏன் வெளியே போக வேண்டும் என்று இந்தத் தம்பி ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தீர்களா? நாடுகளின் பட்டியல் இருக்கிறது. பாடம், ஆய்வகம், ஆசிரியர், எதுவும் இல்லை.

நான் உள்நாட்டிலேயே முதுகலையும் முனைவர் பட்டமும் செய்தவள். நடுவில் ஆறு மாதம் வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்தேன், அந்தச் செலவை உதவித்தொகை பார்த்துக்கொண்டது. என்னோடு படித்தவர்களில் சிலர் கடன் வாங்கிப் போனார்கள். நன்றாக இருப்பவர்களும் உண்டு, இரண்டு வருடப் படிப்புக்குப் பத்து வருடம் தவணை கட்டுபவர்களும் உண்டு. "வெளிநாடு" என்பது ஒரு படிப்பின் பெயர் இல்லையே.

மதகு (நவம்பர் 25)

தாமரைநிழல் அக்கா, குத்திவிட்டீர்கள். ஆனால் உண்மைதான். நிலத்தடி நீரையும் அளவீட்டுக் கருவிகளையும் சேர்த்துச் சொல்லித்தரும் பாடத்திட்டம் இங்கே இல்லை என்பதுதான் காரணம். அதைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறேன்.

கோப்புக்காரர் ஐயா, புராஜெக்ட் இது: ஒரு திறந்த தொட்டியின் நீர்மட்டத்தை அல்ட்ராசானிக் சென்சர் வைத்து அளப்பது. மேலிருந்து ஒலி போகும், தண்ணீரில் பட்டுத் திரும்பும், ஆன நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடலாம். சரியாக வராதது என்றால், முதல் மூன்று வாரம் பெரிய குழப்பம். தினமும் மதியம் தொட்டியில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறியது, சாயங்காலம் இறங்கியது. மோட்டார் ஓடவில்லை, மழை இல்லை. யாரோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன்.

காரணம் வெப்பம். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம். ஒலி வேகமாகத் திரும்பி வர, என் நிரல் பழைய வேகத்தையே வைத்துக் கணக்குப் போட்டுத் தண்ணீர் கிட்டே வந்துவிட்டதாகச் சொன்னது. 4 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் பிழை. இதை எஸ்ஓபியில் எழுதவில்லை. தப்பாகப் போனதை யாராவது எழுதுவார்களா?

கோப்புக்காரர் (நவம்பர் 26)

அடடா. தங்கத்தைத் தரையில் போட்டுவிட்டுத் தகரத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

இதுதான் உங்கள் முதல் பத்தி. "மூன்று வாரம் தினமும் மதியம் என் தொட்டியில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தது. தொட்டிக்குள் ஒரு சொட்டும் வரவில்லை." அவ்வளவுதான், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள், இன்னும் எது தெரியவில்லை. அந்த "இன்னும் தெரியவில்லை"யிலிருந்து அவர்கள் துறையின் எந்த ஆசிரியர், எந்தப் பாடம் என்று பாலம் போடுங்கள். சமுதாய சேவையை விட்டுவிடுங்கள், அதைச் செய்யும்போது சமுதாயம் பார்த்துக்கொள்ளும்.

இடத்தை மதிப்பெண் வாங்கித் தருகிற முறைக்கும் எஸ்ஓபி கேட்கிற முறைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே உங்கள் எண் பேசும். இங்கே எண் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும், அதற்கப்புறம் நீங்கள்தான் பேச வேண்டும். இரண்டுக்கும் ஒரே கட்டுரையை அனுப்புபவர்கள் இரண்டு இடத்திலும் பாதி மனிதர்களாகத்தான் தெரிவார்கள்.

இரண்டாவது முறை (நவம்பர் 26)

முதல் வருடம் ஏழு இடத்தில் போட்டு ஏழிலும் கிடைக்காதவன் பேசுகிறேன். என் மதிப்பெண் மோசமில்லை. சின்னச் சின்ன விஷயங்களில்தான் அடிபட்டேன், அதனால் அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பரிந்துரைக் கடிதம். நாம் ஆசிரியரின் மின்னஞ்சலைக் கொடுத்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு நேரடியாக ஒரு இணைப்பு போகும். என் ஆசிரியர் ஒருவருக்கு அது ஸ்பேமில் போய் விழுந்துவிட்டது. இணைப்பு வரவில்லை என்று அவர் நினைத்தார், அவர் கடிதத்தை அனுப்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். கடைசி நாள் தாண்டியபின் பார்த்தால் "பெறப்படவில்லை". இன்னொருவர் "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். எழுதினேன். இப்போது படித்தால் எஸ்ஓபியும் அந்தக் கடிதமும் ஒரே ஆள் எழுதியது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அமெரிக்க விண்ணப்பத்தில் "இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். 1974இல் வந்த ஃபெர்பா என்ற கல்விப் பதிவுச் சட்டத்தின்படி மாணவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. நான் பயந்துபோய் உரிமையை வைத்துக்கொண்டேன். விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். மாணவன் பார்ப்பான் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்குப் படிப்பவர்கள் அவ்வளவு மதிப்பு கொடுப்பதில்லை.

அப்புறம் நேரம். "டிசம்பர் 15 இரவு 11:59" என்றால் யாருடைய இரவு? சில இடங்களில் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரம், சில இடங்களில் விண்ணப்பிப்பவரின் நேரம். யூகாஸ் என்றால் இங்கிலாந்து நேரப்படி மாலை 6 மணி. நான் ஒன்றை அங்கத்திய இரவு என்று நினைத்து நிதானமாக அனுப்பினேன், கதவு மூடியிருந்தது.

முகவர் கதையும் உண்டு. பெயர் வேண்டாம். என் எஸ்ஓபியை "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அதே மாதம் அவர்களிடம் வந்த இன்னொரு பையனின் எஸ்ஓபியைத் தற்செயலாகப் பார்த்தேன். இரண்டாம் பத்தி எழுத்துக்கு எழுத்து என்னுடையது. அவனுடைய துறை வேறு!

தாமரைநிழல் (நவம்பர் 26)

இரண்டாவது முறை, அந்த "வேறு துறை" படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

இடத்தைப் பிடித்து வைப்பது பற்றிப் பூனை சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு இடத்தை ஏப்ரல் வரை பிடித்து வைத்தால் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் ஏப்ரல் வரை காத்திருக்கிறார். நான் அந்தப் பட்டியலில் இருந்தவள். வகுப்பு தொடங்கி மூன்றாம் வாரம் கூப்பிட்டார்கள், தங்குமிடம்கூடக் கிடைக்கவில்லை.

ஆரஞ்சு பூனை (நவம்பர் 26)

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு மாதத்துக்குள் கெடு வைத்துப் பணம் வாங்குவது அவர்கள். மாணவன் மட்டும் தியாகியாக இருக்க வேண்டுமா?

கோப்புக்காரர் (நவம்பர் 27)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்பணம் கட்டிய பின் விலகுவதற்கு விதியே இடம் தந்தால் அது குற்றமில்லை. முடிவு தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் குற்றம். வேறு இடம் உறுதியான அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் அதன் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. உதவித்தொகையோடு வரும் மேற்படிப்பு அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. "ஏப்ரல் 15 தீர்மானம்" என்பார்கள். உதவித்தொகை இல்லாத வெறும் அனுமதிக்கு அது பொருந்தாது, கையெழுத்திடாத பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தாது. மார்ச் முதல் வாரத்தில் "48 மணி நேரத்தில் சொல்" என்று யாராவது நெருக்கினால் இந்தத் தீர்மானத்தைப் பணிவாக நினைவூட்டலாம்.

ஒரு அம்மா (நவம்பர் 28)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மகள் இளங்கலைக்கு விண்ணப்பிக்கிறாள். நீங்கள் சொல்வதெல்லாம் இளங்கலைக்கும் பொருந்துமா? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் போடலாம் என்று ஒருவர் சொன்னார்.

கோப்புக்காரர் (நவம்பர் 28)

முடியாதம்மா. இளங்கலைக்கு ஒரே ஆண்டில் அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போட முடியும். அதற்கான கடைசி நாளும் மற்றவற்றைவிட முந்தியது, அக்டோபர் 15. இந்த ஆண்டுக்கு அது போய்விட்டது. யூகாஸில் மொத்தம் ஐந்து தேர்வுகள், மருத்துவம் என்றால் அதில் நான்கு மட்டும். ஐந்துக்கும் போவது ஒரே கட்டுரை, அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் எழுதக்கூடாது. 2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து.

அமெரிக்காவின் காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) 20 கல்லூரிகள் வரை போடலாம். பொதுக் கட்டுரை 650 சொற்களுக்குள். அதில் "எர்லி டிசிஷன்" என்ற பெட்டியை மட்டும் யோசிக்காமல் தேர்வு செய்ய விடாதீர்கள். கிடைத்தால் கண்டிப்பாகச் சேருவேன் என்று கையெழுத்துப் போடுவது அது. "எர்லி ஆக்‌ஷன்" வேறு, அதில் கட்டுப்பாடு இல்லை.

ஒரு அம்மா (நவம்பர் 28)

அவள் ஏற்கெனவே அந்தப் பெட்டியைத் தேர்வு செய்து வைத்திருந்தாள்! நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. நன்றி ஐயா.

மதகு (நவம்பர் 29)

பூனை அக்கா, ஜெர்மனிக்கு என் மதிப்பெண் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 10க்கு 8.2 வைத்திருக்கிறேன். படிப்பின் பக்கத்தில் "2.5 அல்லது அதைவிடச் சிறந்தது" என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

ஆரஞ்சு பூனை (நவம்பர் 29)

அங்கே தலைகீழ். 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற "திருத்திய பவேரியச் சூத்திரம்" என்று ஒன்று உண்டு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உன் மதிப்பெண்ணைக் கழி. அதை, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு.

உனக்கு 10 கழித்தல் 8.2, அதாவது 1.8. உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி 4 என்றால் 1.8ஐ 6ஆல் வகுத்தால் 0.3, மூன்று மடங்கு 0.9, ஒன்றைக் கூட்டினால் 1.9. தேர்ச்சி 5 என்றால் ஏறக்குறைய 2.1 வரும். பார்த்தாயா, நீ ஒரு மார்க்கும் கூட வாங்காமலே எண் மாறுகிறது. அதனால் குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்று அலுவலகத்திலிருந்து முத்திரையோடு கடிதம் வாங்கி வை. எங்கள் செட்டில் ஒருவன் அந்தக் கடிதம் இல்லாமல் மூன்று வாரம் அலைந்தான்.

இன்னொன்று, "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று பாதி கேட்டுவிட்டு வருகிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து வாங்குகிறது. நார்வேகூட 2023இல் இலவசத்தை நிறுத்திவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்ட் (மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. செலவு இல்லை என்று கிளம்பாதே, செலவு வேறு கதவு வழியாக வரும்.

இரண்டாவது முறை (நவம்பர் 29)

இங்கிலாந்துக்கும் அதே கதைதான். பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கக் காரணம் ஆகும். கணக்கில் இருக்கும் பணத்தை அந்த மாதத்தில் தொடாதே.

பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்துப் பார். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் நிற்கும். அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப்பெயராக வைத்து, முதல் பெயருக்கு "எஃப்என்யூ" என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று பொருள். சான்றிதழில் ஒரு பெயர், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுத் தாளில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று மூன்று ஆளாக நின்றேன் நான்.

மதகு (நவம்பர் 30)

பாஸ்போர்ட் பார்த்தேன். குடும்பப்பெயர் காலி. திருத்த விண்ணப்பம் போட்டாயிற்று. ஐஈஎல்டிஎஸ் எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது, அது செல்லும் அல்லவா?

இரண்டாவது முறை (நவம்பர் 30)

இரண்டு வருடம் செல்லும். ஆனால் ஜெர்மனிக்கு நீ போடும் நேரத்தில் முடிந்துவிடும் போல இருக்கிறதே! மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு மாதிரி ஐந்து வருடம் கிடையாது. தேதியை எண்ணிப் பார்.

மதகு (டிசம்பர் 18)

சின்னத் தகவல். அமெரிக்க விண்ணப்பங்கள் இரண்டும் 13ஆம் தேதியே போய்விட்டன. எஸ்ஓபியைப் பதினொரு முறை மாற்றினேன், தொட்டிதான் முதல் வரி. புராஜெக்ட் ஆசிரியரிடம் நேரில் போய் உட்கார்ந்து, ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவரே தன் கையால் அனுப்பும் வரை நகரவில்லை. அவர் கடிதத்தில் என்ன எழுதினார் என்று தெரியாது. காவல் காத்த கதையை எழுதியிருப்பார் என்று சந்தேகம், அனுப்பும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

இங்கே முன்பணமும் கட்டிவிட்டேன். ஜூன் 30க்குள் விலகினால் பாதி திரும்பும் என்று எழுத்தில் இருக்கிறது. தாமரைநிழல் அக்கா, முடிவு தெரிந்த அன்றே சொல்லிவிடுவேன்.

தாமரைநிழல் (டிசம்பர் 18)

நம்புகிறேன். இங்கேயே தொடர வேண்டி வந்தாலும் அந்த அளவீட்டுக் கேள்வியை விட்டுவிடாதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைகளையும் ஒரு முறை பார். குறைந்தது இரண்டு நாட்டில் படிக்கலாம், நல்ல உதவித்தொகை.

மதகு (ஏப்ரல் 9)

வந்த முடிவுகள்: அமெரிக்காவில் ஒன்று இல்லை என்றுவிட்டது. இன்னொன்று அனுமதி தந்திருக்கிறது, உதவித்தொகை இல்லாமல். இங்கிலாந்தில் இறுதி மதிப்பெண்ணைப் பொறுத்து இடம். ஐஈஎல்டிஎஸ் மறுபடி எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியாயிற்று, பதில் இல்லை. கடன் கணக்கை அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டுப் பார்த்தோம். அமெரிக்காவுக்கு நன்றி சொல்லி அன்றைக்கே மறுத்து எழுதிவிட்டேன். ஜூன் 30க்குள் ஜெர்மனி வந்தால் அங்கே, இல்லையென்றால் இங்கேதான்.

மறுத்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவர் மட்டும் தனியாக மின்னஞ்சல் அனுப்பினார். இந்த ஆண்டு அவர் குழுவில் இடமில்லையாம், ஆனால் சென்சருக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி கட்டிப் பார்த்தாயா என்று கேட்டிருந்தார். கட்டிவிட்டேன். மதியம் தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது.

கோப்புக்காரர் (ஏப்ரல் 9)

முழுக்க நின்றுவிட்டதா? எவ்வளவு மிச்சம்?

மதகு (ஏப்ரல் 10)

1 சென்டிமீட்டர் இன்னும் ஏறுகிறது ஐயா. வெப்பமானி மேலே நிழலில் இருக்கிறது, தண்ணீருக்குப் பக்கத்தில் காற்று எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. நாளைக்குக் கீழே ஒன்று கட்டப் போகிறேன்.